சென்ற மாதத்துப் பாட்டுகளை மலையேற்ற: ஆப்பா, பென் டிரைவா, எஃப்எம்மா?

மாதக் கடைசியில் எல்லாரிடமும் ஒரு 25, 30 பாட்டு மிஞ்சி நிற்கும். புதிதாக வந்ததில் ஒட்டிக்கொண்டவை நாலைந்து. டவுன் பஸ்ஸில் காதில் விழுந்து, பிறகு தேடிப் பிடித்த பழையவை பத்து. வீட்டில் யாரோ ஓயாமல் போட்டு நமக்கும் பிடித்துப்போனவை சில. சேலத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு இவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்ற கேள்வியே எழாது. போனைத் திறந்தால் பாடும். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி ஏற்காட்டு அடிவாரத்தில் வண்டி மலையேறத் தொடங்கியதும்தான் கேள்வி வருகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம், ஐந்து நிமிடப் பாட்டாகப் பார்த்தால் 12 பாட்டு. மலைச்சரிவு டவரை மறைக்கிற வளைவில், சரணம் எடுப்பதற்குள் பாட்டு நின்றுபோனால் அந்தப் பயணத்தின் பாதி இன்பம் போய்விடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எது பிடித்த பாட்டு என்று கண்டுபிடிக்க ஆப் நல்லது. அதை வைத்துக்கொள்ள பென் டிரைவ் நல்லது. எஃப்எம் இரண்டுக்கும் ஆகாது, ஆனால் அடுத்த மாதப் பட்டியலுக்கு விதை அங்கிருந்துதான் வரும். காரில் போகாதவருக்கும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் கணக்கு வேறு.

எது பிடித்த பாட்டு?

பட்டியலைப் பிடிப்பதில் தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. ஆப் காட்டும் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடுகிறோம்.

ஸ்பாட்டிஃபையில் ‘ஆன் ரிப்பீட்’ என்ற பட்டியல் கடந்த 30 நாளில் திரும்பத் திரும்பக் கேட்டதைத் தானாகத் தொகுக்கும். உங்கள் சுயவிவரப் பக்கத்திலும் இந்த மாதம் அதிகம் கேட்ட பாட்டுகள் வரும். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆப்பிள் மியூசிக்கின் ‘ரீப்ளே’ 2024 முதல் மாதக் கணக்கும் தருகிறது. எந்த ஆப்பில் கேட்டாலும் ஒரே இடத்தில் குறித்துவைக்க வேண்டுமென்றால் லாஸ்ட்.எஃப்எம் என்ற இணையச் சேவை இருக்கிறது.

இவை எண்ணும் விதி ஒன்றல்ல. ஸ்பாட்டிஃபை 30 நொடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாக எடுத்துக்கொள்கிறது. லாஸ்ட்.எஃப்எம் பாட்டின் பாதி, அல்லது 4 நிமிடம், எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடினால்தான் கணக்கில் சேர்க்கும். 30 நொடிக்கு மேல் நீளமுள்ள பாட்டாகவும் இருக்க வேண்டும். நம் திரைப்பாட்டுக்கு இந்த வேறுபாடு பெரியது. முன்னிசை மட்டுமே 30 நொடியைத் தொடும் பாட்டுகள் நிறைய. பல்லவி வருமுன்பே தள்ளிவிட்ட பாட்டையும் ஸ்பாட்டிஃபை ‘கேட்டது’ என்று எழுதியிருக்கும். லாஸ்ட்.எஃப்எம் முதல் சரணமாவது கேட்டவர் பக்கம் நிற்கிறது. பிடித்ததா இல்லையா என்பதற்கு இரண்டாவதே நம்பகமான அளவு.

பழைய பாட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே பாட்டு, படத்தின் ஆல்பத்தில் ஒரு முறையும், பாடகர் பெயரில் வந்த தொகுப்பில் ஒரு முறையும், ‘காதல் பாடல்கள்’ வகைத் தொகுப்பில் ஒரு முறையும் ஏற்றப்பட்டிருக்கும். ஆப்புக்கு அவை மூன்றும் தனித்தனிப் பாட்டாகத் தெரியலாம். மாதம் 12 முறை கேட்ட பாட்டு 5, 4, 3 என்று பிரிந்து பட்டியலின் அடியில் கிடக்கும். அதே மாதம் 8 முறை கேட்ட புதுப்பாட்டு மேலே உட்கார்ந்திருக்கும். பழைய பாட்டுப் பிரியர்களின் மாதப் பட்டியல் எப்போதும் புதுப்பாட்டாகவே தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதத் தொடக்கத்திலேயே ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பிளேலிஸ்ட்டில் சேர்த்து, அங்கிருந்தே கேட்டால் இது தீரும்.

யூடியூபில் ஒரு மணி நேர ‘ஜூக்பாக்ஸ்’ போட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு எந்த ஆப்பும் உதவாது. 12 பாட்டு ஓடினாலும் கணக்கில் அது ஒரே வீடியோ. குழந்தைக்குப் போட்ட பாட்டு, தூங்கும்போது இரவெல்லாம் ஓடிய பாட்டு, நாம் நிறுத்த மறந்ததால் ஆப் தானாக எடுத்துப்போட்டது, இவையும் பட்டியலை நிரப்பும். எஃப்எம்மிலும் பென் டிரைவிலும் கேட்டதோ கணக்கிலேயே வராது.

அதனால் சரியான வழி ஆப்பின் கணக்கையும் நம் கைக்குறிப்பையும் கலப்பது. மாதம் முழுக்க, ஒரு பாட்டு முடிந்து உடனே மறுபடி போடத் தோன்றினால் அந்த நொடியே அதை ‘ஜூன்’, ‘ஜூலை’ என்று பெயரிட்ட பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிட வேண்டும். கடைசி நாளில் ஆப்பின் மாதக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விட்டுப்போனதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 30 பாட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 60 பாட்டு வைத்தால் அது பட்டியல் அல்ல, குவியல். மலையேறி இறங்கும் இரண்டு மணி நேரத்தில் 24 பாட்டுதான் ஓடும்; 30 என்பது அதற்குச் சற்றுக் கூட.

எந்தப் பதிப்பு என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். 1950, 60-களின் பாட்டுகளைத் தேடுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். ஆகவே இசைத்தட்டுக்காகப் பாட்டைச் சுருக்கினார்கள், அல்லது இரண்டு பக்கமாக வெட்டினார்கள். படத்தில் வரும் வடிவம் நீளமாக, கூடுதல் சரணத்தோடு இருக்கும். இன்று ஆப்களில் இருப்பது பெரும்பாலும் இசைத்தட்டு வடிவம். படத்தில் கேட்ட சரணம் காணோமே என்று குழம்ப வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிற வளைவு வாயில் நினைவூட்டும் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். அந்த வாயிலைத் தாண்டி மலையேறும்போது அக்காலப் பாட்டு ஒன்றைப் போட விரும்புகிறவர் சேலத்தில் பலர். அவர்கள் இரண்டு வடிவத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வது நல்லது. யூடியூபில் தனியார் ஏற்றிய பழைய பாட்டுகளில் சில, உரிமைச் சோதனையில் சிக்காமலிருக்க வேகம் கூட்டப்பட்டிருக்கும். பாடகர் குரல் சற்று இளமையாக, சுருதி அரைக்கட்டை ஏறியதுபோல் கேட்டால் அதைத் தொட வேண்டாம்.

ஆப்பில் இறக்கி வைப்பது

எளிதான வழி இதுதான். பிளேலிஸ்ட்டைத் திறந்து பதிவிறக்கக் குறியை அழுத்தினால் முடிந்தது. அப்படியும் அடிவாரம் தாண்டியதும் பாடாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு.

ஸ்பாட்டிஃபையில் காசு கட்டாத கணக்கில் பாட்டை இறக்கி வைக்க முடியாது. இறக்கும் வசதியுள்ள திட்டத்துக்குக் கட்டியவருக்கும் இரண்டு எல்லைகள். 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியது மறைந்துவிடும். ஒரு கணக்கில் 5 கருவிகள் வரைதான். ஆறாவதில் இறக்கினால், பயன்படுத்தி நெடுநாளான கருவியிலிருந்து பாட்டுகள் அழிக்கப்படும். வீட்டில் ஐந்து பேர் ஒரே கணக்கில் இருந்து, பழைய போனும் அதில் மாட்டியிருந்தால் இது அடிக்கடி நடக்கும். யாருமே எதையும் அழிக்கவில்லை, ஆனால் பாட்டு போயிருக்கும். யூடியூப் மியூசிக்கிலும் 30 நாள் விதி இருக்கிறது.

தரத்துக்கு இரண்டு தனி அமைப்புகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இணையத்தில் கேட்கும் தரம் ஒன்று, இறக்கி வைக்கும் தரம் வேறு. ஸ்பாட்டிஃபையில் நார்மல் 96 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்), ஹை 160, வெரி ஹை 320. ஐந்து நிமிடப் பாட்டு 160-இல் 6 மெகாபைட், 320-இல் 12. 30 பாட்டுக்கு 180 அல்லது 360 மெகாபைட். போனில் இடம் ஒரு பொருட்டே அல்ல, ஆகவே 320-ஐயே வைக்கலாம். மொபைல் டேட்டாவில் இறக்குவது முதலில் அணைந்தே இருக்கும்; வைஃபை இல்லாத வீட்டில் குறியை அழுத்திவிட்டு ‘இறங்கிக்கொண்டிருக்கிறது’ என்று நம்பியிருந்தால் ஒரு பாட்டும் வந்திருக்காது. சில போன்களில் பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பு, திரை அணைந்ததும் பதிவிறக்கத்தை நிறுத்திவிடும். முடியும்வரை திரையை அணைக்காமல் சார்ஜில் போட்டுவிடுவது பாதுகாப்பு.

கிளம்புமுன் வீட்டிலேயே ஏரோபிளேன் மோடு போட்டு, பட்டியலின் முதல், நடு, கடைசிப் பாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாதவர்தான் மலைப்பாதையில் மாட்டிக்கொள்கிறார். மாட்டிக்கொள்ளும் விதமும் ஏமாற்றக்கூடியது. டவர் போன உடனே பாட்டு நிற்காது, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை ஆப் முன்கூட்டியே உள்ளே இழுத்து வைத்திருக்கும். அது முடிந்து அடுத்தது வரும்போதோ, நடுவில் தள்ளிவிட்டாலோதான் வட்டம் சுற்றும். இறக்கி வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை அதுவரை கலையாது. ஓடும்போது ஆப்பின் ஆஃப்லைன் மோடை இயக்கிவிட்டால், இறங்கிய பாட்டுகளை மட்டுமே காட்டும். ஆப்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் இணையத்தைத் தேடிக்கொண்டிருக்காது.

ஆப்பின் உண்மையான குறை இவை எதுவுமில்லை. பாட்டு உங்களுடையது அல்ல என்பதுதான். நிறுவனங்களுக்கிடையே உரிமை ஒப்பந்தம் மாறினால் பட்டியலில் அந்தப் பாட்டு ஒரு நாள் சாம்பல் நிறமாகிவிடும். சந்தா நின்றால் எல்லாமே போகும். இந்த மாதப் பட்டியலை ஐந்து வருடம் கழித்துத் திறந்து, ‘அப்போது இதையெல்லாம் கேட்டோம்’ என்று பார்க்க நினைப்பவருக்கு ஆப் போதாது.

பென் டிரைவ்

மேற்சொன்ன குறை இதில் இல்லை. ஆனால் வேலை இருக்கிறது. முதல் முறை ஒன்றரை மணி நேரம் ஆகலாம், பழகிவிட்டால் மாதத்துக்கு அரை மணி.

பாட்டை எங்கிருந்து எடுப்பது என்பதே முதல் கேள்வி. மொபைல் கடையில் ‘பாட்டு ஏத்தித் தருவது’ ஊரெங்கும் உள்ள பழக்கம். அங்கே 500 பாட்டு ஒரே அள்ளாக வரும், ஆனால் அவற்றில் பல 128 கேபிபிஎஸ் கோப்பை 320 என்று மறுபடி மாற்றி எழுதியவை. கோப்பு பெரிதாகும், ஒலி திரும்பி வராது. சிம்பலும் ஜால்ராவும் தண்ணீரில் நனைந்ததுபோல் சளசளக்கும். உரிமை இல்லாத நகல் என்பதால், பாட்டை உண்டாக்கியவர்களுக்கு அதில் ஒரு பைசாவும் போகாது. வாங்கும் வழிகள் இருக்கின்றன. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை இந்தியாவில் 2012 டிசம்பரில் திறந்தது. அங்கே வாங்கும் பாட்டு 256 கேபிபிஎஸ் ஏஏசி கோப்பு (பெயர் எம்4ஏ என்று முடியும்), நகலெடுக்கத் தடைப்பூட்டு கிடையாது, எதில் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். சுயாதீனக் கலைஞர்களின் பாட்டென்றால் பேண்ட்கேம்ப் தளத்தில் ஃப்ளாக் (ஒலி இழக்காமல் சுருக்கும் வகை) அல்லது எம்பி3 எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் அசல் ஆடியோ சிடி இருந்தால் அதைவிட நல்ல மூலம் இல்லை. ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற இலவச மென்பொருள் கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து எடுக்கும். ஒரே சிடியில் 100 பாட்டு என்று ஒரு காலத்தில் விற்றவை ஏற்கெனவே சுருக்கப்பட்ட எம்பி3; அவற்றிலிருந்து நல்லது எதுவும் புதிதாக வராது.

சந்தேகமான கோப்பைச் சோதிக்க ‘ஸ்பெக்’ என்ற சிறு மென்பொருள் போதும். பாட்டின் அலைவரிசைப் படத்தைக் காட்டும். உண்மையான 320 கோப்பில் நிறம் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே வரை ஏறும். 128-இலிருந்து ஊதிப் பெருக்கியதில் 16 அருகே கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். 1960-களின் ஒற்றைத்தடப் பதிவுகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. அன்றைய பதிவிலேயே அவ்வளவு உயரம் இல்லை. அவற்றைக் காதால்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது பென் டிரைவின் ஃபார்மேட், அதாவது அதில் கோப்புகளை எழுதிவைக்கும் முறை. கார் செட்டுகள் பெரும்பாலும் ஃபேட்32-ஐத்தான் படிக்கும். எக்ஸ்ஃபேட்டைச் சில படிக்கும். என்டிஎஃப்எஸ் என்றால் பல செட்டுகளில் ‘நோ ஃபைல்’ என்று வரும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32-ஐக் காட்டாமல் போகலாம் என்பதால், 32 ஜிபியோ அதற்குக் குறைந்ததோ வாங்கினால் தலைவலி இல்லை. தேவையும் அவ்வளவு இல்லை. மாதம் 360 மெகாபைட். 12 மாதத்துக்கு நாலரை ஜிபிக்குள் அடங்கும். ஒரு 8 ஜிபி டிரைவ் வருடத்தைச் சுமக்கும். மலிவு விலைக்கு ‘1 டிபி’ என்று விற்பவற்றில் போலி உண்டு. உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் பழைய பாட்டின் மேலேயே புதியது எழுதப்பட்டு, பாதியில் கீச்சிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளில் ஒரு முறை முழுக்க எழுதிப் படித்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

எந்தக் கோப்பு வகை? எம்பி3 எல்லாச் செட்டிலும் ஓடும். ஐட்யூன்ஸில் வாங்கிய எம்4ஏ சில பழைய செட்டுகளில் ஓடாது. முதலில் ஒரு பாட்டை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, ஓடாவிட்டால் 320 எம்பி3-ஆக மாற்றலாம். ஏற்கெனவே சுருங்கியதை மறுபடி சுருக்குவதால் இழப்பு உண்டு, ஆனால் காரில் அது கேட்காது. ஃப்ளாக் பற்றியும் அதே கருத்து. இரண்டாம் கியரில் என்ஜின் முனகும் மலைப்பாதையில் 25, 30 மெகாபைட் கோப்பை வைத்து ஒரு பயனும் இல்லை. ஃப்ளாக் வீட்டுக் கணினியில் மூலமாக இருக்கட்டும்.

பென் டிரைவில் நிறையப் பேரை வெறுப்பேற்றுவது ஒலி அளவு. ஆப்கள் தானாகவே எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும், கார் செட் அதைச் செய்யாது. 1965-இன் பாட்டு மெல்ல ஒலிக்கும், நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்து வரும் இந்த வருடப் பாட்டு இடியாய் விழும். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே குமிழைத் தேடுவது ஆபத்து. எதிரே இறங்கும் பஸ்ஸின் ஹாரன் கேட்காமல் போவது அதைவிட ஆபத்து. ‘எம்பி3கெய்ன்’ என்ற பழைய, இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. எல்லாப் பாட்டையும் உள்ளே போட்டு ‘டிராக் அனாலிசிஸ்’, பிறகு 89 டெசிபல் இலக்கு வைத்து ‘டிராக் கெய்ன்’. புதுப்பாட்டுகள் 95-க்கு மேலேயே காட்டும், பழையவை 85 பக்கம் இருக்கும். இரண்டும் 89-க்கு வந்து சேரும். பாட்டை மறுபடி சுருக்காமல், கோப்பிலேயே உள்ள அளவு எண்ணை 1.5 டெசிபல் படிகளில் மாற்றுவதால் தரம் குறையாது, எந்தச் செட்டிலும் பலிக்கும். குறிப்புப் பகுதியில் மட்டும் அளவை எழுதும் மென்பொருள்களும் உண்டு. அவற்றைக் கார் செட்டுகள் பெரும்பாலும் மதிப்பதில்லை, ஆகவே அவை வேண்டாம். எம்4ஏ-வை எம்பி3 ஆக்குவதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் இந்த வேலை.

வரிசை அடுத்த தொல்லை. சில செட்டுகள் பெயரின் அகர வரிசையில் பாடும். சில, டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் பாடும். இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க, பெயரின் முன்னால் 01, 02 என்று இலக்கம் போட்டு, ஃபேட் வரிசையை அடுக்கும் ‘டிரைவ்சார்ட்’ போன்ற மென்பொருளில் ஒரு முறை அடுக்கிவிடலாம். 1, 2 என்று ஒற்றை இலக்கமாகப் போட்டால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். ஒரு மாதத்துக்கு ஒரு ஃபோல்டர், ‘2025-06’ என்ற பாணியில். ‘ஏப்ரல், ஆகஸ்ட்’ என்று மாதப் பெயர் வைத்தால் வரிசை குலையும்.

தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் பல செட்டுகளின் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். செட்டில் தமிழ் எழுத்துரு இல்லாததுதான் காரணம். கோப்பில் கோளாறு இல்லை. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, உள்ளே பாட்டின் விவரம் இருக்கும் ஐடி3 குறிப்பில் தமிழில் எழுதிவைத்தால் பிற்காலத்துக்கு ஆகும். ஐடி3-யில் 2.3 பதிப்பாகச் சேமிக்க வேண்டும்; 2.4 பதிப்பைப் பழைய செட்டுகள் சரியாகப் படிப்பதில்லை. ஆல்பப் படம் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பாட்டும் தொடங்கச் சில நொடி தாமதமாகும். 500 பிக்சலுக்குள் சுருக்கிவிடலாம். மேக் கணினியிலிருந்து நகலெடுத்தால் புள்ளியும் கீழ்க்கோடுமாகத் தொடங்கும் மறைந்த கோப்புகள் கூடவே ஏறி, செட்டில் ‘பாடாத பாட்டாக’ ஒன்றுவிட்டு ஒன்று வந்து நிற்கும்; அவற்றை அழித்துவிட்டால் போதும்.

செட்டில் மாட்டும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டிரைவைவிட நகம் அளவுள்ள குட்டி டிரைவ் நல்லது, பக்கத்தில் உட்காருபவர் முழங்கால் பட்டு யூஎஸ்பி துளை தளர்ந்துபோகாது. ஏப்ரல், மே வெயிலில் சேலத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டிரைவை விட்டுவைக்க வேண்டாம். நகலொன்று வீட்டில் இருக்கட்டும்.

புளூடூத்தா, வயரா?

ஆப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் இந்தக் கிளைக் கேள்வி. சாதாரண புளூடூத்தின் எஸ்பிசி என்ற சுருக்கும் முறை உச்சமாக ஏறத்தாழ 328 கேபிபிஎஸ் கடத்தும். 320 பாட்டை அதில் அனுப்பினாலும் மறுபடி ஒரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. காரில் வித்தியாசம் மிகச் சிறிது. அதைவிடப் பெரிய தொல்லை அழைப்பும் மேப்பின் குரலும் பாட்டின் நடுவே புகுவது. ஏற்காட்டுக்குத் தெரிந்த பாதையில்தான் ஏறுகிறோம், மேப் தேவையில்லை; அணைத்துவிடலாம்.

ஏறும்போது பாதி வழியில் பாட்டு மந்தமாக, மேல் சுருதியெல்லாம் அடங்கியதுபோல் கேட்டால் செட்டையும் கோப்பையும் குறை சொல்ல வேண்டாம். அது காது. ஒரு மணி நேரத்துக்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து செவிப்பறை வெளிப்பக்கமாக உப்பி விறைக்கும். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் பளிச்சென்று திறக்கும், அதே பாட்டு புதிதாகக் கேட்கும்.

எஃப்எம்

பட்டியல் நம் கையில் இல்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் எஃப்எம் பாதிப் போட்டியாளர்தான். எஃப்எம் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் பாய்வது. மலை குறுக்கே வந்தால் அடைபடும். அதனால் பாதை சேலத்தைப் பார்த்துத் திரும்பும் வளைவில் தெளிவாகவும், மலையின் உள்மடிப்புக்குள் நுழைந்ததும் இரைச்சலாகவும் கேட்கும். ஏற்காட்டில் சேலத்தைப் பார்த்த லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் நின்றால் சேலம் நிலையம் நன்றாகவே கிடைக்கும். ஏற்காட்டுக்குப் பின்பக்கம், 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் போனால் மங்கும். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையம் எட்டினால் வலுவானது மட்டுமே கேட்கும். அதனால் மலையுச்சியில் சில அடி நகர்ந்ததும் வேறு ஊர் பாடத் தொடங்கலாம். போன் எஃப்எம்முக்கு இயர்போன் வயர்தான் ஏரியல் என்பதையும் மறக்க வேண்டாம். புளூடூத் இயர்போன் போட்டால் பல போன்கள் எஃப்எம்மைத் திறக்கவே திறக்காது.

ஆனால் நாம் தேடிப் போகாத பாட்டு நம்மிடம் வந்து சேர்வது வானொலியிலும் டவுன் பஸ்ஸிலும்தான். ஆப்பின் பரிந்துரை நேற்றுக் கேட்டதைப் போலவே இன்னொன்றைத் தரும். மாதப் பட்டியலில் நாலு பாட்டாவது இப்படி வெளியிலிருந்து வந்தவையாக இல்லாவிட்டால் மூன்றாம் மாதத்தில் பட்டியல் தன்னையே திருப்பிப் பாடத் தொடங்கிவிடும்.

யாருக்கு எது?

சேலத்தில் வேலை, மாதம் ஒரு முறை மலை என்றிருப்பவருக்கு ஆப் போதும். ஏரோபிளேன் மோடு சோதனையை மட்டும் விடக்கூடாது. வாரம் நாலு நாள் ஏறி இறங்கும் வாடகை வண்டி ஓட்டுபவர், எஸ்டேட்டுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர், அவர்களுக்குப் பென் டிரைவ்தான். போன் அழைப்புக்குச் சும்மா இருக்கும், பேட்டரி நிற்கும், பாட்டும் தொடர்ந்து ஓடும். டவர் சரியாக எட்டாத தோட்டத்து வீட்டில் தங்கி வேலை பார்க்கிறவருக்கு 30 நாள் விதி நேரடியாக இடிக்கும். அவர் போனிலேயே மெமரி கார்டில் சொந்தக் கோப்புகளை வைத்து, இணையம் கேட்காத ஒரு பிளேயரில் கேட்பதே சரி. மேலே சொன்ன பென் டிரைவ் வேலைகள் எல்லாம் அதற்கும் பொருந்தும், வரிசைச் சிக்கல் மட்டும் இருக்காது.

டூவீலரில் ஏறுகிறவர் எதையும் கேட்க வேண்டாம். வளைவுக்கு அப்பால் வரும் வண்டியைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் பிடிக்கும். இதில் பேரம் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்குத் திரையைத் தொட்டுப் பழக்கமில்லை என்றால் சரிகமா கார்வான் போன்ற பெட்டி இருக்கிறது. தமிழ்ப் பெட்டியில் 5,000 பழைய பாட்டு உள்ளேயே வரும். அதை நம்மால் மாற்ற முடியாது, ஆனால் பின்னால் யூஎஸ்பி துளை உண்டு. மாதப் பென் டிரைவை அப்படியே அதில் செருகிவிடலாம். அம்மா இந்த மாதம் ஓயாமல் முணுமுணுத்த நாலு பாட்டை முதல் நாலு இலக்கத்தில் வைத்துக் கொடுத்தால், அவர் எந்தப் பொத்தானையும் தேட வேண்டியிருக்காது.

பழைய கேசட்டுகளை ஏற்காட்டு வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மழைக்கால ஈரத்தில் நாடாவில் வெண்பூஞ்சை பிடிக்கும். அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். ஓட்டுமுன் நாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடி தெரிந்தால் போட வேண்டாம். சுத்தமாக இருப்பதை இந்த மாதமே கணினிக்கு மாற்றிவிட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கலாம்.

எந்த வழியை எடுத்தாலும், அந்த மாத ஃபோல்டருக்குள் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றைத் தமிழிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். பாட்டின் முதல் அடி, படம், ஆண்டு, பாடியவர், இசைத்தட்டு வடிவமா பட வடிவமா, எங்கே கேட்டு எடுத்தது. 30 பாட்டுக்கு 30 வரி. ஆப் மாறினாலும், டிரைவ் பழுதானாலும் அந்த 30 வரியை வைத்து ஒரு மாலைப்பொழுதில் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிடலாம். கார் செட் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது, பாட்டு தடைப்படாது.